என்டர் கீ மேல் ஒரு பிடி பொரி

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் ஒரு குரங்கு கம்ப்யூட்டர் தட்டியது. சிரிக்காதீர்கள்.

திருத்தணி மலையடிவாரத்தில் வீடு. ஆன்லைனில் வேலை, சேர்ந்து கொஞ்ச மாதம்தான். என் ஒரே ஆடம்பரம் மெக்கானிக்கல் கீபோர்டு. அலுமினிய உடம்பு — அம்மிக்குழவிக் கனம். விரல் பட்டாலே கீ இறங்கிவிடும். பெரிய கீகள் மட்டும் தகர டப்பா மாதிரி கடகடத்தன. விடுவேனா? கழற்றி, கிரீஸ் தடவி, ஸ்பேஸ், என்டர் இரண்டும் ஒரே மாதிரி ‘தொக்’ என்று இறங்கும்படி செய்தேன். ஆகா, என்ன சுகம்!

அன்று ஒரு வாடிக்கையாளரின் பழைய சர்வரில் கிடக்கும் டேட்டாவை அழிக்கும் வேலை. அழிக்கச் சொல்லும் கமாண்டை அடித்துத் தயாராக வைத்திருந்தேன். எல்லாவற்றையும் நகலெடுக்கும் பேக்கப் முடிந்ததும் என்டர். அதற்குமுன் அழுத்தினால்? டேட்டாவும் போச்சு, வேலையும் போச்சு.

“பூஜை நாள்ல கூட தட்டிகினே இருக்கியே, போய் மூஞ்சி கழுவு!” என்றார் அம்மா. போனேன். என் ஆயுதம் கீபோர்டுதானே? அம்மா அதற்குச் சந்தனம் வைத்து, மேலே ஒரு பிடி பொரியும் வைத்துவிட்டார். ஜன்னல் திறந்திருந்தது.

திரும்பி வந்தால் மேஜை மேல் குரங்கு! கீ இடுக்கில் விழுந்த பொரியை நோண்டித் தின்கிறது. அதன் முதுகு திரையை மறைக்கிறது.

“ஏய்!” என்றேன். பல்லைக் காட்டியது.

எதிர் மாடியிலிருந்து மெக்கானிக் காதர் பாய், “கத்தாத பா! வெரட்டுனா கீபோர்ட மிதிச்சிகினுதான் எகிறும்” என்றார்.

“பாய், ஒரு வாழப்பழம் காட்டுங்களேன்!” — அம்மா.

“பூஜைப் பழம் குடுத்தனுப்பறேன்னு நீங்கதாம்மா சொன்னீங்க, இன்னும் வரல!”

தொக்.

ஸ்பேஸா... என்டரா? கடகடப்பை விட்டுவைத்திருந்தால் காதே சொல்லியிருக்கும். ரசனை என்ற பெயரில் இரண்டுக்கும் ஒரே குரல் கொடுத்தவன் நான்தானே!

அம்மா ஒரு பழத்தை ஜன்னலுக்கு வெளியே வீசினார். குரங்கு பாய்ந்தது. நான் திரைக்குப் பாய்ந்தேன். கமாண்டு அப்படியே இருந்தது. அதன் பின்னால் வெற்றிடம். ஸ்பேஸ்! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பேக்கப் முடிந்தது. என்டர் மேல் விரலை வைத்தேன். குரங்கு நடுவில் ஏதாவது எழுத்தைச் சேர்த்திருக்குமோ? அந்தப் பயத்தில்தான் கமாண்டை முதன்முறையாக எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

எதையும் சேர்க்கவில்லை. ஆனால் சர்வரின் பெயர் தப்பு. அது பழைய சர்வர் அல்ல — இந்த நிமிடம் ஜனங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வர். அடித்தது நான்.

குரங்குக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு?