இருபத்திரண்டாவது வரி

உறையூரில் எங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் ஒரு கிரகணம் விடுகிற நேரத்தில் வர வேண்டும். சென்ற அமாவாசையன்று பிற்பகலில், சூரியன் பழைய வடிவத்துக்குத் திரும்பிய கால்மணி நேரத்துக்குள் இரு வரிசை வீடுகளிலிருந்தும் குடங்களும் அண்டாக்களும் வாசலுக்கு வந்தன. காலையில் குழாயடியில் முறை வைத்து, வாய்ச்சண்டை போட்டுப் பிடித்த நல்ல தண்ணீர் முழுவதும் சாக்கடையில் போயிற்று. பிறகு எல்லோரும் குளித்துவிட்டு, அதே குடங்களோடு அதே குழாயடியில் மறுபடியும் முறை வைத்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிணற்றுத் துலா மிதித்துப் பட்டை பட்டையாக இறைத்த தண்ணீரில் வளர்ந்தவனுக்கு இந்தக் காட்சி பொறுக்காது. எங்கள் ஊரிலும் சைவ வீடுகளில் கிரகணம் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் கிரகணம் என்பது மிஷன் பள்ளிக்கூடத்தில் கரி பிடித்த கண்ணாடித் துண்டு வழியாகப் பார்த்து, மறுநாள் வரைபடம் போட்டு மதிப்பெண் வாங்குகிற பாடம். குடத்துத் தண்ணீருக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. அந்தப் பாடத்தைத் திருவானைக்காவலில்தான் படித்தேன்.

முதல் யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் திருச்சிக்கு வந்தேன். கொழும்பில் எந்திரப் படிப்பு முடித்த எனக்கு, கேஸ் என்ஜின் விற்கிற ஓர் ஏஜென்சி வேலை கொடுத்திருந்தது. கப்பல் என்ஜினும் ரயில் என்ஜினும் ஊர் சுற்றும். என் என்ஜின்கள் நட்ட இடத்தில் நின்றே காலம் கழிப்பவை. அந்த வகையில் அவை என்னைவிட நிதானமானவை. கரியை ஓர் இரும்பு அடுப்பில் போதிய காற்றுக் கொடாமல் எரித்தால் ஒரு வாயு வரும். அதைத் தண்ணீர் சொட்டும் கழுவுதொட்டி வழியாக இழுத்து, தூசியும் சூடும் போக்கி, என்ஜின் குடித்து ஓடும். மின்சாரம் வராத காலத்தில் நெல் அரைக்கவும் தண்ணீர் இறைக்கவும் இதைவிட நல்ல சாதனம் இருந்ததில்லை. சீமை அடுப்பின் தட்டு சீமை நிலக்கரிக்காகச் செய்தது. நம் சவுக்குக் கரி அதில் சாம்பலாகச் சரிந்து மூச்சை அடைத்தது. நான் தட்டின் இடைவெளியைக் குறைத்தேன். கழுவுதொட்டிக்குள் சீமைக்காரர்கள் சுட்ட நிலக்கரித் துண்டுகளைப் போடச் சொன்னார்கள். நான் தேங்காய் நாரைப் போட்டேன். யாழ்ப்பாணத்தானுக்குத் தேங்காய் நாரைத் தாண்டி மூளை போகாது என்று ஏஜென்சியில் சிரித்தார்கள். இரண்டு வருடத்தில் லால்குடியிலிருந்து குளித்தலை வரை எல்லாத் தொட்டிகளிலும் நார்தான் இருந்தது. சிரித்தவர்கள் அதைக் கம்பெனியின் கண்டுபிடிப்பு என்று தலைமையகத்துக்கு எழுதினார்கள்.

எனக்கு அதில் வருத்தமில்லை. என் பெருமை முழுவதும் பலகையில் இருந்தது. கம்பெனி கொடுத்த புத்தகத்தில் என்ஜினைக் கிளப்ப அறுபதுக்கு மேற்பட்ட விதிகள், எல்லாம் ஆங்கிலத்தில். அவற்றில் புத்தியுள்ள மனிதனுக்குச் சொல்லத் தேவையில்லாதவற்றை நீக்கி, இருபத்தொரு வரிகளாகத் தமிழில் எழுதி, தகரப் பலகையில் வண்ணம் பூசி ஒவ்வொரு கொட்டகையிலும் மாட்டினேன். ‘கதவுகளைத் திறந்து வைக்க’ என்று தொடங்கி ‘கையைத் துடைக்க’ என்று முடியும். இருபத்தொரு வரியையும் வரிசையாகச் செய்தவனுக்கு என்ஜின் கிளம்பாமல் இருக்க முடியாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் அதை நம்பினேன்.

திருவானைக்காவலுக்குக் கிழக்கே ஸ்ரீரங்கத்து மிராசுதார் கோபாலய்யங்காரின் தோட்டத்தில் அப்படி ஓர் என்ஜின் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தது. ஐயங்கார் நல்ல மனிதர். என்னிடம் அவருக்கு ஒரே சந்தேகம்தான் இருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி ஆமாம் என்பதற்கு நான் ‘ஓம்’ என்பேன். “கிறிஸ்தவர்னு சொல்றேள், வாய்க்கு வாய் பிரணவம் சொல்றேள். உமக்கு மோட்சம் எந்த வாசல் வழியாங்காணும்?” என்று கேட்பார். அந்த என்ஜினை ஓட்டியவர் காதர் மைதீன். பழைய நகரத்திலிருந்து சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி வருவார். ஏழு வருடமாக அந்தப் பலகையின் இருபத்தொரு வரியையும் ஒரு நாள்கூட விடாமல் செய்தவர். அடுத்த மாதம் அவருடைய மூத்த மகளுக்கு நிக்காஹ் பேசியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்ஜின் டிரைவர் வீட்டுப் பெண் வேண்டும் என்று தேடி வந்தவர்கள் என்பதை, பார்க்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு சாக்கில் எனக்குச் சொல்லிவிடுவார்.

ஒரு வைகாசி அமாவாசையன்று சூரிய கிரகணம். அன்று என்ஜினுக்கு விடுமுறை. மறுநாள் காலை காதர் அடுப்பை மூட்டி, அதற்குக் காற்று ஊதும் காற்றாடியைச் சுற்றி, சோதனைக் குழாயில் நெருப்பு வைத்துப் பார்த்தார். வாயு நீலமாக எரிந்தது. பெரிய சக்கரத்தை இழுத்துச் சுற்றினார்கள். என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மாலை வரை இதே கதை. ஆற்றில் தண்ணீர் வருமுன்னே விட்டிருந்த நாற்றங்கால் அது; வைகாசி வெயிலில் இரண்டு நாள் தாங்குவதே பெரிது. அதற்கடுத்த நாள் ஐயங்கார் எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் போய் இருபத்தொரு வரியையும் வரிசையாகச் செய்தேன். வாயு சரி, பொறி சரி, வால்வுகள் சரி. என்ஜின் மட்டும் சரியில்லை. அப்போது பொறி தருகிற மாக்னெட்டோவின் திருகுகளில் ஸ்பானர் வழுக்கிய புதிய கீறலைக் கண்டேன்.

“காதர், நீர் இதைத் தொட்டனீரோ?”

காதர் தரையைப் பார்த்தார். “நேத்து மத்தியானம் கொஞ்சம் தளத்திப் பார்த்தேங்கய்யா. ஒண்ணும் ஆகலைன்னு பழையபடியே முடுக்கிட்டேன். அதுக்கு முன்னாலயே கிளம்பலைங்கய்யா. அல்லா நாயன் மேல ஆணையாச் சொல்றேன்.”

“பலகையில் மாக்னெட்டோவைத் தளர்த்தச் சொல்லி எந்த வரியில் எழுதியிருக்கு?”

“எந்த வரியிலயும் இல்லைங்கய்யா.”

எனக்கு அது போதும். விதிகளைப் படித்தவனுக்கு ஒரு விதிமீறல் கண்ணில் பட்டால் காரணம் கிடைத்துவிட்ட சுகம் வந்துவிடும். பொறி விழும் நேரத்தைத் திருத்தி அமைத்தேன். அப்போதும் என்ஜின் இரண்டு முறை இருமியது. பொழுதும் சாய்ந்தது. மறுநாள் புதுப் பாகத்தோடு வருகிறேன் என்று சொல்லி, ஐயங்கார் கேட்டபடி ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தேன்: ‘டிரைவரின் கவனக்குறைவால் மாக்னெட்டோ கெட்டது.’ கீழே கையொப்பம், தேதி, நேரம். நேரம் போடாத குறிப்பு குறிப்பே அல்ல என்பது என் கொள்கை.

ஐயங்கார் அதை இருமுறை படித்தார். “பொன்மலை ரயில் பட்டறைக்கு விடியக்கார்த்தால ஆயிரம் பேர் சைக்கிள்ல வேலைக்குப் போறான். அதுல ஒருத்தனை அழைச்சிண்டு வரேன். காதர், நாளைலேருந்து நீ வர வேண்டாம்.”

காதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “போயிட்டு வரேங்கய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறக்கூட இல்லை.

மறுநாள் காலை நான் ஜட்காவுக்குக் காத்து வாசலில் நின்றபோது, எதிர் வீட்டு ரெங்கநாயகி அம்மாள் தம் வேலைக்காரியைத் தெருவுக்கே கேட்கும்படி ஏசிக்கொண்டிருந்தார். “கிரகணத் தண்ணியைக் கொட்டுன்னா குடத்துத் தண்ணியைக் கொட்டணும். அலமாரிக் கால் கிண்ணத்துத் தண்ணியை எவளாவது கொட்டுவாளா? வெல்லம் முச்சூடும் எறும்பு.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்களே சொல்லுங்க சார், எறும்புக்கு வச்ச தண்ணிக்கு ஏது சார் தீட்டு?” என்றார்.

எறும்பு ஏறாமல் இருக்க அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி வைப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். என் வீட்டு அலமாரியும் அப்படித்தான் நிற்கிறது. ரெங்கநாயகி அம்மாளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஜட்காக்காரனிடம், குதிரையைக் கொஞ்சம் விரட்டச் சொன்னது நினைவிருக்கிறது.

கழுவுதொட்டியின் அடியில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. தொட்டியின் கழிவுக் குழாய் அந்தப் பெட்டித் தண்ணீரில் முங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் மூடி. அது இருக்கும்வரை என்ஜின் அடுப்பிலிருந்து வாயுவை இழுக்கும். அது இல்லாவிட்டால் குழாய் வழியாக வெறும் காற்றை இழுத்து இருமும். சோதனைக் குழாய் அடுப்போடு ஒட்டி, தொட்டிக்கு முன்னாலேயே இருப்பதால் அங்கே நெருப்பு எப்போதும் அழகாகத்தான் எரியும். தொட்டிக்குத் தண்ணீர் திறப்பது என்ஜின் கிளம்பிய பிறகு. ஆகவே காலிப் பெட்டி தானாக நிரம்பவும் வழியில்லை. கொட்டகையில் குனிந்து பெட்டியின் மூடியைத் தூக்கினேன். உள்ளே கழுவித் துடைத்து, காய்ந்து, ஒரு தர்ப்பைப்புல்லும் போட்டு வைத்திருந்தது.

தோட்டக்காரர் மாரிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஆமாங்க, நான்தான் கொட்டினேன். தோட்டத்துல தண்ணி நிக்கிற ஏனம் ஒண்ணு பாக்கியில்லாம கொட்டிக் கழுவணும்னு சாமி உத்தரவு. இதுல ரொம்ப நாத்தம் வேற. நல்லாத் தேச்சுக் கழுவினேங்க.” பாராட்டை எதிர்பார்த்து நின்றார். முறைப்படி அவருக்கு அது சேரவும் வேண்டும்.

இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, அடுப்பை மூட்டினோம். சக்கரத்தை ஒரு முறை இழுத்ததும் என்ஜின் ஓடியது.

கம்பெனிப் புத்தகத்தில் ‘அடிப்பெட்டியில் தண்ணீர் உள்ளதா என்று பார்க்க’ என்று ஒரு விதி இருந்தது. புத்தியுள்ள எவனும் அந்தத் தண்ணீரைக் கொட்ட மாட்டான் என்று அதை நீக்கியவன் நான். அந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். ஐயங்கார் தம் சாஸ்திரப்படி சரியாகச் செய்தார். மாரிமுத்து உத்தரவைச் சரியாகச் செய்தார். காதர் கிரகணத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்ததால் இதையெல்லாம் பார்க்கவில்லை, அதுவும் சரி. தன் வேலையைத் தப்பாகச் செய்தவன் ஒருவன்தான். அவன்தான் குறிப்பு எழுதியவன்.

அந்தக் குறிப்பைத் திரும்ப வாங்க ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். வழி நெடுக, மாக்னெட்டோ சரியாகிவிட்டது, காதரையும் மன்னித்துவிடுங்கள் என்று சொன்னால் போதாதா என்று எனக்குள் ஒரு வக்கீல் பேசிக்கொண்டே வந்தான். அவன் பேச்சைக் கேட்டிருந்தால் காதருக்கு வேலை கிடைத்திருக்கும். என்ஜினைக் கெடுத்தவன் என்ற பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெயரோடு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவரால் நிற்க முடியாது. ஐயங்காரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். விதியை நீக்கியதையும் சொன்னேன்.

அவர் வெற்றிலையை மென்று முடித்தார். “உத்தரவு போட்டவன் நான். கொட்டினவன் மாரிமுத்து. எழுதாம விட்டவர் நீர். இப்ப நான் யாரைங்காணும் வேலையை விட்டு நிறுத்தறது? சூரியனையா?”

“என்னை நிறுத்தலாம்.”

“உம்மை நிறுத்தினா அந்த என்ஜினை யார் பாக்கறது?” குறிப்பை நான்காகக் கிழித்தார். “நாத்து பொழைச்சுடுத்துன்னு மாரிமுத்து சொல்லியனுப்பினான். நீரே போய்க் காதரை அழைச்சிண்டு வாரும். நான் கூப்பிட்டா வேலைக்கு வருவான். நீர் கூப்பிட்டாத்தான் பழையபடி வருவான்.”

பழைய நகரத்துச் சந்தில் காதர் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். உள்ளே வளையல் சத்தம் நின்றது. காதர் முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப பலகையில இன்னொரு வரி எழுதணுமேய்யா” என்றார். அன்று மாலையே எழுதினேன். ‘கிரகணத்துக்குப் பின் பெட்டியைப் பார்க்க.’ கம்பெனியின் எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. நான் கண்டுபிடித்தவற்றில் இதை மட்டும் யாரும் தலைமையகத்துக்கு எழுதவில்லை. நிக்காஹுக்கு நானும் என் மனைவி றோசும் போனோம். மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் காதர் என்னை அறிமுகப்படுத்தியது இப்படி: “என் என்ஜினை ரிப்பேர் பண்ற ஐயா.”

அதன் பிறகு இன்னொரு யுத்தம் வந்து எண்ணெய்க்குப் பஞ்சம் வந்தபோது, எண்ணெய் என்ஜின் வாங்கி என்னைக் கிழவன் என்றவர்களெல்லாம் கரி அடுப்பு தேடி என் வாசலுக்கு வந்தார்கள். நான் பழையதை ஞாபகப்படுத்தாமல் எல்லோருக்கும் செய்து கொடுத்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பலகையும் கொடுத்தேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். கிரகணம் வந்தால் மட்டும் காதர் சைக்கிளில் வந்து வாசலில் மணி அடிப்பார். “பெட்டியைப் பார்த்துட்டேங்கய்யா” என்பார். ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். சம்பளமில்லாத இந்த மேற்பார்வையைவிட நல்ல பென்ஷனை நான் எந்தச் சட்டத்திலும் படித்ததில்லை.

மானிப்பாயிலிருந்து தம்பி எழுதியிருக்கிறான். இங்கும் அங்கும் வெள்ளைக்காரன் போய், இப்போது இரண்டு அரசாங்கம். கடல் தாண்ட இனித் தாள்கள் வேண்டுமாம். காலத்தோடு வந்து சேரச் சொல்லி ஒரு படிவத்தையும் அனுப்பியிருக்கிறான். நான் நிரப்பத் தெரியாத படிவம் உலகத்தில் இல்லை. பெயர், தகப்பன் பெயர், தொழில் எல்லாம் ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். நிரந்தர வாசஸ்தலம் என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனாவில் மை இருந்தும் மூடி வைத்தேன். அன்றுதான் நான் முதலில் சொன்ன கிரகணம்.

தெருவே கொட்டுகிறபோது நாங்கள் மட்டும் கொட்டாமல் இருந்தால் ரெங்கநாயகி அம்மாள் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிப்பார். அதற்காக றோஸ் பல வருடமாகவே கொட்டுகிறாள். அன்றும் நான்கு குடங்களை வாசலில் எல்லோரும் பார்க்கக் கவிழ்த்தாள். ஐந்தாவதை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் தள்ளி, தட்டைப் போட்டு மூடினாள். இதை நான் முன்பு கவனித்ததே இல்லை.

“எவ்வளவு காலமா இப்படிச் செய்யிறீர்?” என்று கேட்டேன்.

“வந்த நாளிலேயிருந்து. நாலு குடம் தெருவுக்கு, ஒண்டு எங்களுக்கு” என்றாள்.

கதவுக்குப் பின்னால் இருந்த குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு குடித்தேன். பிறகு படிவத்தை மேசையிலேயே விட்டு, காலிக் குடங்களில் இரண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், ரெங்கநாயகி அம்மாளுக்குப் பின்னால் என் முறைக்கு நின்றேன்.