இங்கிலீஷில் 'ங்க' கிடையாது

என் மனைவி ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருகிறவள். சொல்லித்தந்தவள் என்று எழுத வேண்டும், எனக்குக் கை வரவில்லை. எங்கள் வீடு இருப்பது கணபதியில், அதன் மாடியில்தான் வகுப்பு நடந்தது. சரவணம்பட்டி கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போகிற பிள்ளைகளும், பெருந்துறையிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகளும் சாயங்காலமானால் படியெல்லாம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலே போவார்கள். அந்தச் செருப்புகளை மிதிக்காமல் நான் என் வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. தினமும் திட்டுவேன்.

கீழே எனக்கு லேத் பட்டறை. பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறேன். ஒருமுறை வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஆர்டர் விஷயமாகப் பேசினார். "சென்ட் மீ த டிராயிங், ப்ளீஸ்" என்றேன். அவ்வளவுதான். "நான் உங்களிடம் சம்பளம் வாங்கவில்லை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ப்ளீஸ்கூடப் போட்டேனே, இன்னும் என்ன காலில் விழ வேண்டுமா என்று மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

அவள் இறங்கி வந்து, நான் சொன்னதை அப்படியே ஒருதரம் சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"டிராயிங்க அனுப்புடான்னு சொல்லிப்போட்டீங்க."

"டா எங்க சொன்னேன்?"

"ராகத்துல சொன்னீங்க. நம்மூர்க்காரங்க மரியாதை பூராவும் 'ங்க'வுல இருக்குதுங்க. எப்படிப் பேசுனாலும் கடைசில ஒரு 'ங்க' போட்டாச் சரியாப் போயிருது. இங்கிலீஷுல 'ங்க' கெடையாது. அதக் கொரல்லதான் வெக்கோணும். ப்ளீஸ அப்படிப் போட்டு அமுக்காதீங்க, கொஞ்சம் மேல ஏத்தி உடுங்க."

மாடியிலும் இதைத்தான் சொல்லித்தருவாள். வார்த்தைகளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டார்கள், அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித்தரவில்லை என்பாள். "ஐ தாட் யூ வுட் கம்." 'தாட்'டில் அழுத்தினால், நீ வருவாய் என்று எனக்கு அப்போதே தெரியும் என்ற சந்தோஷம். அந்த அழுத்தத்தை எடுத்துக் கடைசி 'கம்'மில் வைத்தால், வருவாய் என்று நினைத்தேன், வராமல் போய்விட்டாயே என்ற வருத்தம். எழுதினால் இரண்டும் ஒரே வாக்கியம். ஷாஃப்ட் கடைகிற சத்தத்துக்கு நடுவில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிற பிள்ளைகளின் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இதற்கெல்லாம் இங்கிலீஷ் எதற்கு? என்னை அவள் 'ஏனுங்க' என்று கூப்பிடுவதிலேயே எல்லாம் இருந்தது. சோறு ஆறுகிறது என்பதற்கு ஒரு ஏனுங்க. சொந்தக்காரர்கள் முன்னால் வாயை மூடுங்கள் என்பதற்கு அடிக்குரலில் ஒன்று. கடைசியை இழுத்துச் சொன்னால் சத்தியமங்கலத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். எனக்கு மட்டும் என்று ஒன்று இருந்தது. அதை எப்படிச் சொல்வாள் என்று எழுதிக் காட்ட முடியவில்லை.

போன வருடம் ஒரு காலையில் டம்ளர் அவள் இடது கையிலிருந்து நழுவியது. மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு என்றார்கள். சீக்கிரம் கொண்டு போய்ச் சேர்த்தோம், கை திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது, பேச்சில் ஒரு வார்த்தை குறையவில்லை. எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். நான்தான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் திகைத்துப்போய் நின்றிருந்தேன். அவள் 'ஏனுங்க' என்றாள். அதில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, என்மேல் கோபமா, எதுவும் தெரியவில்லை.

"பேச்சு இருக்கு, அதோட ராகம் போயிருக்கு. உள்ளே உணர்ச்சி அப்படியேதான் இருக்கும், வெளியே வர வழிதான் அடைபட்டிருக்கு" என்றார் டாக்டர். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார். ஊரில் எத்தனையோ பேர் எந்த ராகமும் இல்லாமல் ஜன்மம் முழுக்க ஓட்டுகிறார்கள், இவளுக்கா இது வர வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வகுப்பைத் தொடங்கினாள். 'தாட்'டை அழுத்திச் சொல்லிக் காட்டப் போனாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டாள். மறுநாள் எல்லோரையும் வேறு இடம் பார்த்துச் சேர்ந்துகொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டாள். இப்போது படியில் செருப்புகள் இல்லை.

என்னிடம் பேச அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எதைச் சொன்னாலும் கூடவே அது எந்த மாதிரி என்றும் சொல்லிவிடுவாள். "ஏனுங்க. கோவமாக் கூப்பிட்டேனுங்க." "நல்லாத்தான் இருக்குது உங்க சட்டை. இது கிண்டலுங்க." முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, நானும் சிரித்தேன். ஒருநாள், "ஏனுங்க. ஆசையாக் கூப்பிட்டேனுங்க" என்றாள், பஸ் நம்பர் சொல்வது மாதிரி. பட்டறைக்குப் போய் லேத்தை ஓட விட்டுவிட்டு அழுதேன்.

ஆனாலும் என் குரல் அவளுக்குப் போய்ச் சேர்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது.

போன வாரம் மழை பெய்த ஒரு சாயங்காலம். அவள் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி நின்று அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க மனசு என்னவோ செய்தது. "அம்மணி" என்றேன், எனக்குத் தெரிந்த அத்தனை பிரியத்தையும் வைத்து.

"நான் என்ன தப்புப் பண்ணுனனுங்க?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் திரும்பாமலே சொன்னாள். "கொரல வெச்சு எனக்கு ஒண்ணும் தெரியறதில்லீங்க. டம்ளர் நழுவுன அன்னைக்கிருந்தே அப்படித்தான். எல்லாரும் ஒரே மாதிரிப் பேசறாங்க. உங்க மொகத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன். மொகம் பாக்காதப்ப நீங்க பேசுனா, கோவம்னே வெச்சுக்கறேன். பயமா இருக்குதுங்க. இத உங்ககிட்டச் சொல்ல மனசு வரலீங்க."

அப்படியானால் இத்தனை நாளும் முதுகுக்குப் பின்னால் நான் கொஞ்சியதெல்லாம் அவளுக்கு அதட்டலாகவே போயிருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆண்கள் பெண்டாட்டியிடம் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று உண்டு. நானும் சொன்னதில்லை. குரல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தேன். அன்றைக்கு அங்கேயே நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். "கோவமில்ல அம்மணி. உம்மேல எனக்கு அத்தன ஆசை. நீ இல்லீன்னா நான் இல்ல." பாதியிலேயே குரல் உடைந்து, விம்மி விம்மித்தான் முடித்தேன்.

அவள் கரண்டியை வைத்தாள். அப்போதும் திரும்பவில்லை.

"சிரிக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல அம்மணி, அழுகறேன்" என்று சொன்னேன்.