பையில் இருந்த பெயர்

1969 டிசம்பர் 3, புதன்கிழமை. சென்னைத் துறைமுகத்தில் பகல் பதினொரு மணிக்கு ஏழாம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டது.

அன்று மாலை ராயபுரத்தில் நடந்ததை எழுதுகிறேன். இது நடந்தது. என் கண் முன்னால் நடந்தது. நான் தந்தி இலாகாவில் டெலக்ஸ் மெக்கானிக். மின்சாரம், கம்பி, மோட்டார் இவற்றைத் தவிர வேறு எதையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை. நம்ப மனமில்லாதவர்கள் நம்ப வேண்டாம். நானும் வெகுநாள் நம்பாமல் இருக்கத்தான் முயன்றேன்.

டெலக்ஸ் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தட்டச்சு இயந்திரம் போன்றது. இங்கே தட்டினால், கம்பி வழியாக வேறு ஊரில் இருக்கும் இயந்திரத்தில் எழுத்து விழும். அங்கே ஆள் இல்லாவிட்டாலும் விழும். சரியான இடத்தோடுதான் பேசுகிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு விசை உண்டு. ‘நீ யார்’ விசை என்போம். அதை அழுத்தினால், எதிர் இயந்திரத்துக்குள் இருக்கும் சின்ன டிரம் ஒரு சுற்றுச் சுற்றும். அந்த இயந்திரத்தின் பெயர் தானாக அடித்து வரும். டிரம்மில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகப் பற்கள். எதை உடைக்கிறோம், எதை விடுகிறோம் என்பதுதான் பெயர். உடைத்த பல் மறுபடி முளைக்காது. ஆகவே ஒரு டிரம்முக்கு ஒரே பெயர்.

ஓர் இணைப்பை நிரந்தரமாகத் துண்டிக்கப் போனால் முதலில் டிரம்மைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வோம். இயந்திரம் பின்னால் வேனில் வரும். பெயர் மெக்கானிக்கோடு போய்விடும். அதுதான் வழக்கம்.

அன்று காலை அப்படி ஒரு டிரம்மைக் கழற்றினேன். ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனி. பெயர் வேண்டாம். தலைமை ஆபீஸ் ராயபுரத்தில். எண்ணூர் முகத்துவாரத்தில், நெட்டுக்குப்பத்தைத் தாண்டி, ஒரு தகர ஷெட்டில் கிளை வைத்திருந்தார்கள். அதை மூடியாகிவிட்டது. காவலுக்கு அருள்நாதன் என்ற இளைஞன் மட்டும் மிச்சம். சிரித்த முகம். கிழிந்த மழைக்கோட்டு.

கழற்றிய டிரம்மை வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தான்.

“இதான் இத்தோட பேரா சார்? இத்த நீ எட்த்துகினு போய்ட்டா, யாராச்சும் கூப்ட்டா இன்னா சொல்லும்?”

“ஒண்ணும் சொல்லாது. ஊமை.”

“அய்யே, பாவம். வுடு சார். எவனாச்சும் கூப்ட்டா நான் சொல்லிக்கிறேன்.”

இருவரும் சிரித்தோம். மின்சார ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினேன். சணல் கயிற்றால் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டி, இயந்திரத்தின் மேல் வைத்தேன். மதியம் வேன் வரும். இயந்திரம் அரசாங்கச் சொத்து. வண்டியில் ஏறும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அவனுக்குக் கம்பெனி போட்ட உத்தரவு.

“ஏத்தி வுட்டுட்டு நேரா வூடுதான். இன்னிக்கு சவேரியார் திருநாளு சார். சாயங்காலம் பூசைக்கு நிக்கலன்னா பிலோமி என்னிய கொன்னே போட்டுரும்.”

பிலோமி அவன் மனைவி. ஏழு மாதம் என்று வெட்கத்தோடு சொன்னான்.

மாலை ஐந்தரைக்கு ராயபுரம் ஆபீசுக்கு வந்தேன். மழை சாய்ந்து அடித்தது. கடல் இரைச்சல் தெருவரைக்கும் கேட்டது. அங்கே எனக்கு வேறு வேலை. அன்று முதல் அந்த இயந்திரம் இரவில் ஆளில்லாமல் இயங்க வேண்டும். யாராவது கூப்பிட்டால் மோட்டார் தானாக ஓட வேண்டும். கேட்டால் பெயர் சொல்ல வேண்டும். செய்தியை வாங்கிக்கொண்டு தானாக அடங்க வேண்டும். மோட்டாரை முடுக்கும் ரிலேக்களைச் சரிபார்த்து, ராயபுரம் ஆபீசின் பெயருள்ள புது டிரம்மை மாட்டினேன்.

ஆபரேட்டர் பாஸ்கல் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அருள்நாதனின் அண்ணன். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும்.

“அப்போ ராத்திரில மனுசனே வேணாமா சார்? நம்ம சீட்டு கிழிஞ்சிதுன்னு சொல்லு.”

அவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி வீட்டுக்கு வரவில்லை. பூசை முடிந்து ஜனங்கள் திரும்பிவிட்டார்கள். எண்ணூருக்குத் தொலைபேசி மதியமே செத்துவிட்டது. பஸ் இல்லை. திருவொற்றியூருக்கு அப்பால் ரோட்டின் மேல் கடல் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள்.

“வேனு போச்சா சார்?”

“தெரியலையே, பாஸ்கல்.”

“போயிருக்காது. இந்த மழைல எவன் போவான்? வேனு வர்லன்னா அந்தப் பேமானி நகர மாட்டான் சார். நில்லுன்னா நிப்பான். சின்ன வயசுலேர்ந்தே அப்டிதான்.” இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். “எண்ணூர் நம்பர அட்ச்சிப் பாக்கட்டா?”

பிரயோஜனமில்லை என்றேன். இயந்திரம் கழற்றிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட எண்ணைக் கூப்பிட்டால் எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று எழுத்து வந்து விழும். டி, இ, ஆர். பழுது என்று அர்த்தம். அவ்வளவுதான் வரும்.

“வந்தா வருது சார். ஒரு வாட்டி.”

எண்ணைச் சுழற்றினார். மணி ஆறு ஐம்பது.

மூன்று எழுத்து வரவில்லை.

இணைப்பு விளக்கு எரிந்தது. மோட்டார் உறுமியது. அந்தப் பக்கம் ஏதோ ஒன்று லைனை எடுத்திருந்தது.

பாஸ்கல் ‘நீ யார்’ விசையை அழுத்தினார்.

டகடகடகடகடக... ஒரே சீராக எழுத்துகள் விழுந்தன. கம்பெனியின் பெயர். ஓர் இடைவெளி. எண்ணூர்.

“மாதாவே! கீறான் சார்! அங்கதான் கீறான்!” பாஸ்கல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் பையைத் திறந்தேன். துணியில் சுற்றிய பொட்டலம் அப்படியே இருந்தது. அவிழ்த்தேன். எண்ணூர் டிரம். மேஜைமேல் வைத்தேன்.

பாஸ்கல் டிரம்மைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார்.

“இது இங்க கீதுன்னா... அங்க பேரு சொன்னது யாரு சார்?”

 அருள்நாதன் ஒயரை மறுபடி மாட்டியிருக்கலாம். பெயரை நூறு தடவை காகிதத்தில் பார்த்திருப்பான், கையால் தட்டியிருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கையால் தட்டினால் அவ்வளவு சீராக வராது. டிரம் சுற்றினால்தான் அப்படி வரும்.

பாஸ்கல் வேகமாகத் தட்டினார். அருள், வேன் வந்ததா? தண்ணீர் எவ்வளவு? எங்கே இருக்கிறாய்?

பதில் இல்லை. மோட்டார் மட்டும் ஓடியது.

‘நீ யார்’ விசையை அழுத்தினார்.

பெயர் வந்தது. இந்த முறை கொஞ்சம் தயங்கி.

மறுபடி கேள்வி. பதில் இல்லை. மறுபடி விசை.

டக்... டக்... டக்... ஒவ்வோர் எழுத்தாக. ஒற்றை விரலால், தேடித் தேடித் தட்டுவது போல.

“இத்தப் பாரு சார்! கைலதான் அட்ச்சிகினு கீறான்! உசுரோட கீறான்!”

அவர் மழையில் ஓடினார். பதினைந்து நிமிடத்தில் லாரிச் சத்தம். தண்டையார்பேட்டை மஜீது, அவர் தோஸ்து, வாசலில் தலையை மட்டும் நீட்டினார்.

“மாமு, ரோடு கீதா இல்லியான்னே தெர்ல. வண்டி மொதலாளிது. உசுரு மட்டும்தான் என்து. ஏறு, போவலாம்.”

பாஸ்கல் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஈரமான கைகள்.

“சார், நீ போயிராத. அவன கேட்டுகினே இரு. பேரு வர்ற வரைக்கும் அவன் கீறான். வுட்றாத சார்.”

போய்விட்டார்கள். மணி ஏழு இருபது.

நான் தனியாக உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விசையை அழுத்தினேன். பெயர் வந்தது. அழுத்தினேன். வந்தது. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து சாத்தக்கூட மனம் வரவில்லை. எழுந்தால் விட்டுவிடுவேனோ என்று பயம்.

ஏழு நாற்பதுக்கு வந்த பெயர் முடிய ஒரு நிமிடம் ஆனது.

ஏழு ஐம்பதுக்கு வந்தது இன்னும் மெதுவாக. ஓர் எழுத்து. நீண்ட மௌனம். இன்னோர் எழுத்து.

‘தட்டுப்பா, தட்டு’ என்று வாய்விட்டே சொன்னேன்.

எட்டு மணிக்குக் கம்பெனிப் பெயர் மட்டும் வந்தது. எண்ணூர் வரவில்லை. காத்திருந்தேன். வரவேயில்லை.

விளக்கு அணைந்தது. லைன் அறுந்துவிட்டது.

எண்ணைச் சுழற்றினேன். டி, இ, ஆர்.

மறுபடி சுழற்றினேன். டி, இ, ஆர்.

மறுபடி... அதே மூன்று எழுத்து.

தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு இருபது. இயந்திரம் தானாக ஓடத் தொடங்கியது.

நான் தொடவில்லை. யாரோ எங்களைக் கூப்பிடுகிறார்கள். நான் அன்று மாலை செய்து வைத்தபடியே ரிலே விழுந்தது, மோட்டார் ஓடியது. செய்தி எதுவும் வரவில்லை. இயந்திரத்துக்குள் புது டிரம் ஒரு சுற்றுச் சுற்றியது. ராயபுரம் ஆபீசின் பெயரைத் தானாக அடித்தது.

அந்தப் பக்கம் ‘நீ யார்’ விசையை அழுத்தியிருக்கிறார்கள்.

லைன் போனது.

மறுபடி வந்தது. மறுபடி எங்கள் டிரம் சுற்றியது.

மறுபடி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் அவனைக் கேட்டதையே அவன் எங்களைக் கேட்கிறான். அங்கே யாராவது இருக்கிறீர்களா? இயந்திரம் இருக்கிறேன், இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆள் இருந்தாலும் சொல்லும். இல்லாவிட்டாலும் சொல்லும்.

நான் விசைகளின் மேல் விழுந்தேன். இருக்கிறோம். பாஸ்கல் வருகிறார். லாரி வருகிறது. இருக்கிறோம், அருள்.

பதில் இல்லை.

டிரம் சுற்றியது.

இருக்கிறோம் என்று மறுபடி தட்டினேன்.

டிரம் சுற்றியது.

அது எங்கள் பெயரை மட்டும்தான் கேட்டது.

எட்டு ஐம்பத்தைந்து. ராயபுரம் முழுக்க மின்சாரம் போனது. கும்மிருட்டு. மோட்டார் முனகி நின்றது.

காற்று.

கடல்.

பிறகு, மேஜைமேல்... என் கைக்கு ஒரு சாண் தள்ளி...

கர்ர்ர்... டிக்.

டிரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும் சத்தம். பதினாறு வருட வேலையில் எத்தனையோ தடவை கேட்ட சத்தம்.

இயந்திரத்துக்குள் இருந்த டிரம் அல்ல. துணிமேல் நான் எடுத்து வைத்திருந்த டிரம்.

தீக்குச்சி கிழித்தேன். மூன்றாவது குச்சிதான் பற்றியது.

வைத்த இடத்திலேயே இருந்தது.

விடியும்வரை அந்த அறையில் இருந்தேன். வேறு எதுவும் நடக்கவில்லை.

லாரி எர்ணாவூரைத் தாண்ட முடியவில்லை. பாஸ்கலும் மஜீதும் இரவு முழுக்க வண்டியின் மேல் நின்றிருந்தார்கள். வெளுத்ததும் மார்பளவுத் தண்ணீரில் நடந்தார்கள். ஷெட்டின் கூரை பறந்துபோயிருந்தது. உத்தரம் விழுந்து அருள்நாதன் அதனடியில் கிடந்தான். இயந்திரம் மேஜைமேல் பத்திரமாக இருந்தது. தன் மழைக்கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தியிருந்தான். வேன் வந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காசிமேடு கல்லறையில் அடக்கம். பிலோமியைப் பெண்கள் இருவர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். எல்லாரும் கலைந்த பிறகு பாஸ்கல் என்னிடம் வந்தார்.

“சார், அந்த ஒயரு கீதே... சணல்ல கட்னது. அது நீ கட்னதா?”

“ஆமாம். ரெட்டை முடிச்சு.”

“அவுக்கவே இல்ல சார். நான் அந்தக் கோட்ட எட்த்துட்டுப் பாத்தேன். நீ கட்னது கட்னபடி கீது.”

குனிந்து தம்பியின் குழிமேட்டு மண்ணைக் கையால் தட்டிவிட்டார்.

“டாக்டரு எழுதிக் குட்த்தாரு. உத்தரம் வுழுந்து, உடனே போயிருக்கான். மத்தியானம் ரெண்டு மணிக்கு முன்னாடியாம்.”

எங்களுக்கு முதல் பதில் வந்தது ஆறு ஐம்பதுக்கு.

எண்ணூர் டிரம்மை இலாகா ஸ்டோரில் ஒப்படைத்தேன். வழக்கப்படி மிச்சப் பற்களையும் உடைத்துக் குப்பையில் போட்டார்கள். பிப்ரவரியில் பிலோமிக்கு ஆண் குழந்தை பிறந்தது.

ராயபுரம் ஆபீசின் இயந்திரத்தை இரவில் ஆளில்லாமல் விட பாஸ்கல் சம்மதிக்கவில்லை. இரவு வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். 1978இல் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில் அவர்தான் இருந்தார்.