அமாவாசைக்கு மட்டும் வற்றிய புண்

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷங்கள். ராசிபுரத்தில் தறி நெய்துகொண்டிருந்தேன். குழித்தறி. விடிந்ததும் காலைக் குழிக்குள் தொங்கவிட்டால் பொழுது சாயும்வரை அப்படியேதான்.

இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்தது. எட்டு மாதம் ஆறவில்லை. சுற்றிலும் தோல் கறுத்தது, நீர் வடிந்தது. பெருவியாதி, அதாவது குஷ்டம், என்று தெருவில் பேச்சு. கிளப்பியவர் எதிர்வீட்டுக்காரர். தறிக்கான நீள நூலை, அதாவது பாவை, தெருவில் நீட்டிக் கஞ்சி போடப் பத்துப் பேர் கை வேண்டும். இன்று உனக்கு, நாளை எனக்கு என்று முறை. என் பாவுக்கு ஒருவரும் வரவில்லை. பாவு இல்லையென்றால் நெசவு இல்லை. நெசவு இல்லையென்றால் சோறு இல்லை. வீட்டுக்காரியும் நானுமாகக் குட்டைப் பாவு போட்டு அரைவயிற்றுக்கு நெய்து ஓட்டினோம்.

அமாவாசைக்கு மறுநாள் மட்டும் புண் சற்று வற்றியிருக்கும். அமாவாசையன்று மந்திரித்துக் கட்டும் வேப்பிலையின் வேலை என்று நம்பினேன்.

கடைசியில் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, புண்ணைச் சுற்றியும் பாதத்திலும் ஊசியால் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் காலை இழுத்தேன்.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க."

"அப்ப அது பெருவியாதி இல்லப்பா. அதுன்னா குத்தினதே தெரிஞ்சிருக்காது."

எனக்கு உயிர் வந்தது.

கெண்டைக்காலில் நரம்பு புடைத்திருந்ததைக் காட்டினார். கீழே இறங்கிய ரத்தம் மேலே ஏறாமல் தேங்குகிறது, அதனால்தான் ஆறவில்லை என்றார். நான் அமாவாசை விஷயத்தைச் சொன்னேன்.

"அன்னிக்கு என்ன பண்ணுவே?"

"அன்னிக்குத் தறியில உக்கார மாட்டமுங்க. நூல் மூட்டை மேல காலைப் போட்டுப் படுத்துக்குவேனுங்க."

"அதுதான் மருந்து. மாசத்துக்கு ஒரு அமாவாசை போதாது உனக்கு."

விரலடியிலிருந்து முழங்கால்வரை துணிப்பட்டை சுற்றச் சொன்னார். கீழே இறுக்கம், மேலே போகப்போக இளக்கம். நான் மாற்றிச் சுற்றிப் பாதத்தை வீங்கவைத்துக்கொண்டேன்.

"நூலு சுத்தத் தெரியுது, காலு சுத்தத் தெரியலீங்களா?" என்று வீட்டுக்காரி அவிழ்த்துச் சரியாகக் கட்டினாள்.

நடுநடுவே எழுந்து நடந்தேன். பகலிலும் காலைத் தூக்கிவைத்துப் படுத்தேன். நாலு மாதத்தில் புண் மூடியது. பெருவியாதி இல்லை என்று டாக்டர் சொன்னதும் தெருவில் பரவியது.

அடுத்த பாவு நீட்டிய காலையில் எதிர்வீட்டுக்காரர் தானாக வந்து மறுமுனையைப் பிடித்தார். என் காலில் சுற்றியிருந்த பட்டையைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, காலுக்குத் தனியா வேட்டிங்களா?"

"ஆமாங்க" என்றேன். அவர் பின்னாலேயே மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

இன்றும் கட்டுப் போடாமல் குழியில் கால் விடுவதில்லை. பாதத்தில் முள் ஏறினால்கூடக் கோபம் வருவதில்லை, வலி தெரிகிறதே என்று ஒரு நிம்மதிதான் வருகிறது.