பிரிவினைவாதி அத்தான்

“மச்சான், அந்த ரெண்டு குடையையும் எடு” என்றார் அத்தான்.

வெளியே நல்ல வெயில். என் அக்காவின் கணவருக்குக் குடை மழைக்காக வேண்டியதில்லை. நீளமாக எது கிடைத்தாலும் போதும். இரண்டையும் தலைமாற்றி, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நெஞ்சுக்கு நேரே பிடித்தார். ஒரு கை ஒரு குடையில், மறு கை மற்றதில். “பாரு, நான் நடுவுல நிக்கிறேன். நான் நடக்க நடக்க ரெண்டும் விலகிப் போகுது.” விலகிப் போன குடை அலமாரிக் கண்ணாடியில் இடித்தது. சமையலறையில் இருந்த அக்கா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “உடைஞ்சிடுச்சா, கீறலா?” என்று மட்டும் கேட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் அத்தான் வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டு அழுவது ஒரே ஒரு புரதத்தோடு. நம் உடம்பில் ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால், முதலில் அதனுள்ளே இரண்டு துருவங்கள் எதிரெதிராக விலக வேண்டுமாம். அவற்றிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய்கள் நடுவில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கும். அங்கே போய்க் குறுக்கே நிற்பதுதான் இந்தப் புரதம். இந்த முனையில் இரண்டு கால், அந்த முனையில் இரண்டு கால். புத்தகத்தில் அவற்றைத் தலை என்கிறார்கள். தலையால் நடக்கும் பிறவி. இரு முனைகளும் எதிரெதிர்த் திசையில் நடக்க, குழாய்கள் வழுக்கி விலகும்.

“ஒவ்வொரு அடிக்கும் தீனி போடணும் மச்சான். ஓசியில ஒரு அடி வைக்காது. ரொம்ப வேகமா விலகினா அதே பயல்தான் பிடிச்சும் நிறுத்துவான்.” இந்தப் பயலை மருந்து போட்டு முடக்கினால் செல் பிரிய முடியாமல் திகைத்து நின்றுவிடும். புற்றுநோய்ச் செல்லை அப்படி நிறுத்த முடியுமா என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி. கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘பிரிவினைவாதி’. அதில் அவருக்கு ஏகப் பெருமை.

புரதத்தோடு பழகிப் பழகி அதன் குணம் இவருக்கும் ஒட்டிக்கொண்டது. “ரெண்டு காலையும் ஒரே நேரத்துல எடுக்கவே கூடாது. எடுத்தா மிதந்து போயிடும்” என்பார். ஓடும் பஸ்ஸில் ஒரு கம்பியைப் பிடித்த பிறகுதான் அடுத்த கம்பியை விடுவார். ஒருமுறை நகரும் படிக்கட்டில் ஒரு கையில் பை, மறு கையில் கைப்பிடி. மூக்கு அரித்தது. சொறிந்துவிட என்னைக் கூப்பிட்டார், நானும் சொறிந்துவிட்டேன்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகளுக்குத் தொலைதூர ஊரில், பாலம் கட்டும் படிப்பில் இடம் கிடைத்தது. அக்கா சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துவிட்டாள். “அப்பா போன்னு சொன்னா போறேன், வேண்டாம்னா விட்டுடறேன்” என்றாள் மகள். முடிவு அத்தான் தலையில் விழுந்தது. அவரோ பிடியே கொடுக்கவில்லை. விடுதியில் தண்ணீர் எப்படியோ என்றார். இங்கே கட்டாத பாலமா என்றார். ஊருக்கெல்லாம் பிரிவினை, தன் வீடு என்றதும் கல்லுளிமங்கன். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

கல்லூரியில் சேரச் சம்மதம் சொல்லவேண்டிய கடைசி நாள், சாப்பாட்டு மேசையில் மகள் இரண்டு கரண்டிகளை எடுத்துத் தலைமாற்றி அவர் முன்னால் வைத்தாள்.

“அப்பா, உங்க புரதம் லீவு போட்டா என்ன ஆகும்?”

தூக்கத்தில் கேட்டாலும் பதில் சொல்லும் கேள்வி. “ரெண்டும் ஒட்டிக்கும்மா. அந்த செல் பிரியவே பிரியாது. அப்படியே கிடந்து கிடந்து…”

கரண்டிகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமுமாக நகர்த்தினார்.

“டிக்கெட் எடுத்துடு” என்றார்.

பஸ் நிலையத்தில் தாயும் மகளும் கட்டிக்கொண்டு விடவே இல்லை. டிரைவர் இருமுறை ஹாரன் அடித்துவிட்டார். அத்தான் இருவருக்கும் நடுவே புகுந்து, இவள் தோளில் ஒரு கை, அவள் தோளில் ஒரு கை வைத்துத் தள்ளினார். “இங்கேயும் வந்து பாடமா?” என்று அக்கா அழுகையோடு சீறினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மகள் ஏறி முதல் ஜன்னலில் உட்கார்ந்தாள். அத்தான் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஊர்ந்தது. அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மகளின் ஜன்னல் கடந்து போகத் தொடங்கியதும் வலது கையால் அடுத்த ஜன்னலைப் பிடித்தார். அது பிடிபட்ட பிறகுதான் இடது கையை எடுத்தார். பிறகு அதற்கடுத்த ஜன்னல். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு விழித்துத் தன் பையை இறுக அணைத்துக்கொண்டார்.

பின்வாசலில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் கத்தினார். “சார், பஸ்ஸைத் தள்ளுறீங்களா, பிடிச்சு நிறுத்துறீங்களா?”

“ரெண்டும்தான்” என்றார் அத்தான், பிடியை விடாமல்.

கடைசி ஜன்னலும் வந்தது. முன்னால் மகள் தலையை வெளியே நீட்டி, “அப்பா!” என்று கூப்பிட்டாள். அத்தான் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் எடுத்தார். தலைக்கு மேலே உயர்த்தி ஆட்டினார்.