ஜன்னலை மூடிக்கொண்டு மூச்சு வாங்கியவள்

முதலில் வந்தது தும்மல்தான். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துப் பனிக்கு யாருக்குத்தான் தும்மல் வராது என்று விட்டுவிட்டேன். மழைக்காலம் தொடங்கியதும் அது இளைப்பாக மாறியது. மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது.

நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இளைப்புக்காரி என்று தெரிந்தால், தொற்றிவிடும் என்று பயந்து பிள்ளையைத் தரமாட்டார்கள் என நினைத்தேன். வேலை போய்விடுமே என்ற பயத்தைவிட, சுத்தமில்லாதவள் என்று பெயர் வந்துவிடுமே என்ற வெட்கம் பெரிதாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்கு இருமல் கேட்கக் கூடாதென்று ஜன்னலை இறுக்கி மூடினேன். ஈரத்துணியையும் உள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டேன். காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சிமெந்துத் தரையைக் கழுவினேன். கழுவக் கழுவ இளைப்பு கூடியது. நான் இன்னும் கழுவினேன். என் புத்தியை என்னவென்று சொல்வது?

ஒருநாள் பேசவே முடியாமல் போய், கணவர் ஆட்டோ பிடித்து மாத்தளைக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் (மருந்தைப் பனிபோலாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் கருவி) வைத்தார்கள். மூச்சு வந்ததும் டொக்டர் வீட்டைப் பற்றிக் கேட்டார்.

"ரெண்டு வேளையும் கழுவித்தான் வச்சிருக்கேன் டொக்டர்," என்றேன் பெருமையாக.

"ஜன்னல் திறக்கிறதில்லையா?"

கணவர்தான் சொன்னார்: "திறக்கவே விடமாட்டா டொக்டர். பக்கத்து வீட்டுக்கு இருமல் கேட்டுருமாம்."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டொக்டர் சிரிக்கவில்லை. தூசிப்பூச்சி (மெத்தை, தலையணையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்) தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் பிழைக்கிறது என்றார். ஈரம் தங்கும் அறையில் அது பெருகும், சுவரில் பூஞ்சணமும் பிடிக்கும். பூச்சியின் கழிவும் பூஞ்சணத் தூளும்தான் என் மூச்சுக்குழாயைச் சுருக்கியிருக்கின்றன.

"இது தொத்துற வியாதி இல்லம்மா. நீங்க அழுக்கும் இல்ல. வீட்டுல ஈரம் தங்குது, அவ்வளவுதான். வாயில வச்சு மருந்தை இழுக்குற இந்தப் பம்பைத் தினமும் எடுங்க. அப்பவும் இளைப்பு அடங்கலன்னா வீட்டுல இருக்காம உடனே வாங்க."

வெயில் வந்த முதல் நாள் மெத்தையை வாசலில் போட்டோம். அலமாரியை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம். கணவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு துடைத்தார். கறை பிடித்த தலையணைகளோடு நான் வெளியே நின்றேன். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு ராணி, இடுப்பில் பிள்ளையோடு வந்தாள்.

"நல்ல வேலை செஞ்சீங்க அக்கா. இனி நாங்களும் தூங்கலாம். உங்க இளைப்பு அடங்குற வரைக்கும் எங்களுக்கும் தூக்கம் வராது."

"ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகலையே, எல்லாந்தான் கேக்கும். கதவத் தட்டுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. நீங்க மறைக்கிறீங்களேன்னுதான் வரல."

"தெரிஞ்சுமா பிள்ளைய எங்கிட்ட விட்ட?"

"வேற யார்கிட்ட விடுறது?" என்று சொல்லிவிட்டு, தலையணையை வெயில் பக்கம் திருப்பிப் போட்டாள்.

இதே இளைப்போடு இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல நினைக்கிறேன்: வெயில் வந்தால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். எனக்கு முழுசாகக் குணமாகவில்லை. மழை வருவதென்றால் வானத்துக்கு முன்னால் என் நெஞ்சுக்குத் தெரிந்துவிடுகிறது. விடியுமா என்று காத்துக் கிடந்த இரவுகள் மட்டும் இப்போது இல்லை. பம்பை எல்லோர் முன்னாலும் எடுக்கிறேன்.

வெட்கம் மட்டும் போகவில்லை. இளைப்பை மறைத்த அந்த நாட்களில் காலையில் பிள்ளையைக் கையில் வாங்கும்போது, "நல்லாத் தூங்கினியா ராணி?" என்று கேட்பேன். "தூங்கினேன் அக்கா" என்றுதான் அவள் ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.