மாற்றிக் கொடுத்த இன்ஹேலர்

பேருந்து நிலையத்தில் அவள் குரலைக் கேட்காதவர் கிடையாது. முகத்தைப் பார்த்தவர்கள்தான் அபூர்வம். மாடியில் கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு நாற்காலி. எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுள் போயிருந்தது. எல்லாருக்கும் அவள் அறிவிப்பக்கா. கல்யாணம் தட்டிப்போய்விட்டது, தம்பி குடும்பத்தோடு வெளிநாட்டில். வீட்டுக்குப் போனால் பேச்சுத்துணைக்குச் சுவர்தான்.

சின்ன வயதிலிருந்தே இளைப்பு. காலையும் மாலையும் இன்ஹேலரை அழுத்தி, மருந்துப் புகையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்வாள். அதில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மருந்துக்கடைக்காரர் வேறொன்றை நீட்டினார். "உங்களோடது ஸ்டாக் இல்லம்மா. இதுவும் அதே மருந்துதான், கம்பெனி மட்டும் வேற."

வட்டமாக இருந்தது, அழுத்த எதுவுமில்லை. மூடியைத் திறந்து, வழக்கம்போல மெதுவாக இழுத்தாள். சில நாளிலேயே படியேறினால் நெஞ்சு விசிலடித்தது. போனில் தம்பி, "என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றான். "சளிடா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒரு காலை, "மூன்றாவது நடைமேடையிலிருந்து" என்று ஆரம்பித்தவளுக்கு அடுத்த சொல் வரவில்லை. மூச்சு அடைத்துக்கொண்டது. கீழே ஜனங்கள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து முணுமுணுத்தார்கள். டிக்கெட் கவுண்டர்காரர், "மைக் புட்டுக்கிச்சு" என்று மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினார்.

ஸ்குரூடிரைவரோடு ஏறிவந்த மெக்கானிக், மேசையைப் பிடித்துக்கொண்டு தோள் தூக்கித் தூக்கிப் போட நின்றவளைக் கண்டு பதறிப்போனார். "ஐயோ அக்கா! மைக்குன்னு நெனச்சேனே!" கைத்தாங்கலாக இறக்கி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தபின் மூச்சு திரும்பியது. அவள் பையிலிருந்த இன்ஹேலரை டாக்டரம்மா எடுத்துப் பார்த்தார்.

"எப்படி இழுப்பீங்க? காட்டுங்க."

காட்டினாள்.

"இது பொடிம்மா. வேகமா, பலமா உறிஞ்சினாத்தான் நெஞ்சுக்குள்ள போகும். நீங்க இழுக்கறதுல வாயோட நின்னுடுது. கடையில சொல்லித் தரலையா?"

"ரெண்டும் ஒண்ணுதான்னாங்க."

"மருந்து ஒண்ணா இருக்கலாம், உள்ள போற விதம் வேற. பழையதையே எழுதறேன்."

வெளியே வந்தபோது மெக்கானிக் இல்லை. வேலை கிடக்கிறதென்று போய்விட்டாராம். நன்றி சொல்லக்கூட முடியவில்லை.

நேரே மருந்துக்கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுத்திருக்கணும். என் தப்புதாம்மா." பழைய இன்ஹேலரை வேறு கடையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். "என் முன்னாடியே ஒருதரம் இழுங்க, சரியா இருக்கான்னு பாத்துடறேன்."

இழுத்தாள். அவர் கண்கொட்டாமல் பார்த்தார். அவள் மூச்சுவிடுவதை யாரும் இப்படிப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

"ரொம்ப சரி. வீட்டுல யாரையாவது ராத்திரி கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வீடு இருந்த திசையில் நடந்தாள்.